முப்பதாம் சைஸ்

எம்.சி. ரோட்டில், இரண்டாம் மாடி,
பெண் குழந்தைகள் பிரிவு.
பதினாறிலிருந்து முப்பத்தெட்டு வரை என் கைக்கணக்கு.
தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எந்தப் பிள்ளைக்கு எது பத்தாது என்று.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில்
குடியிருப்போர் சங்கம் மாடியேறி வந்தது.
புருஷோத்தமன் சார் கையில் மனு,
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
படிக்கட்டு முகப்பில் நிற்கும் பொம்மையின் கவுன்தான் வழக்கு:
தோளில் இரண்டு ஜன்னல், முதுகில் ஒரு நாடா,
முன்னால் ஜிகினாவில் ஏதோ இங்கிலீஷ்.
"எட்டு வயசுக்கு இதுவா?" என்றார்.
"இன்னா சார் எழுதிக்கீது?" என்று கேட்டாள் தனபாக்கியம்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

துணி எடுக்க வந்த நஸ்ரின் டீச்சர்
கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்:
"துணியில ஜன்னல் இருந்தா உங்களுக்கென்ன?
எட்டிப் பாக்கறவனுக்குப் போடுங்க மனு."
"வாங்காம இருந்தா விப்பானா?"
"வித்தாதானே வாங்கறோம்?"
"எல்லா கடையிலயும் இதான் தொங்குது, நாங்க எங்கதான் போறது?"
ஒருத்தர் பண்பாடு என்று ஆரம்பித்தார்.
அவர் கையைப் பிடித்திருந்த பையனின் டி-ஷர்ட்டில்
ஒரு மண்டையோடு
துப்பாக்கி நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.
அது மனுவில் இல்லை.

எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
பாதிப் பாதியாக.
நான் கட்டியிருந்த மாம்பழ நிற யூனிபார்ம் புடவை
முதலாளியின் மருமகன் சூரத்தில் பார்த்துப் பிடித்தது.
எங்கே எத்தனை பின் குத்த வேண்டும் என்பது
சூப்பர்வைசர் வாய்மொழி.
அதற்கு இதுவரை ஒரு கையெழுத்தும் விழுந்ததில்லை.

சாயங்காலம் உத்தரவு வந்தது: பொம்மையை மூடு.
பச்சைத் துப்பட்டா ஒன்றை எடுத்துத்
தலையோடு போர்த்தினேன்.
திறந்துவைக்க மந்திரி வராத சிலை மாதிரி நின்றது.
வருகிறவரெல்லாம் தூக்கிப் பார்த்தார்கள்.
இரண்டு நாளில் பதினாலு கவுன் போயிற்று.
மூன்றாம் நாள் முதலாளி,
"துப்பட்டா அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை
காசிமேட்டிலிருந்து அமலோற்பவம் வந்தாள்,
ஏலம் முடித்த கையோடு, ஐஸ்பெட்டி வாடையோடு.
"எங்களுக்குத் தீபாவளி இல்லம்மா.
தெருவே புதுசு கட்டறப்ப
இது மட்டும் பழசுல நிக்குமா?
சோக்கா ஒண்ணு காட்டு. ஆனா மூடினாப்ல இருக்கணும்."

மகள் கெசியா, ஒன்பது வயசு,
அதற்குள் துப்பட்டாவுக்குள் தலையை விட்டிருந்தாள்.
"இதான் வோணும்."
"அடி வாங்குவ."
"ரெபேக்கா வச்சிருக்கா."

முப்பதாம் சைஸ் போட்டுக் காட்டினேன்.
கையைத் தூக்கினாள், நாடா இழுத்தது.
குந்தினாள், ஓரத்து வலை முழங்காலைக் கீறியது.
இரண்டு பக்கமும் கையை விட்டுப் பார்த்தாள்,
வழுக்கிக்கொண்டு போனது.
"இன்னாக்கா, பாக்கெட்டே இல்ல?
பம்பரத்த எங்க வெக்கறது?"
பையன்கள் பிரிவில்தான் பாக்கெட் என்றேன்.
அவள் அம்மாவைப் பார்த்தாள்.
அம்மா என்னைப் பார்த்தாள்.
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.

அரைமணி நேரம் ஓடியது. ஒரு அழுகை, ஒரு கிள்ளு,
நான் வாங்கிக் கொடுத்த ஒரு டம்ளர் தண்ணீர்.
கடைசியில் அந்தக் கவுனும்
அதற்குள் போட, நாலு பாக்கெட் வைத்த
பையன் அரைக்கால்சட்டையும் பில்லுக்குப் போயின.
போட்ட கோலத்திலேயே இறங்கினாள்,
ஜிகினாவைத் தூக்கிப் பிடித்து
இரண்டிரண்டு படியாகத் தாவி.
அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.
மூடினாப்லவா, மூடாமலா,
புருஷோத்தமன் சார்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி பத்தரை. ஷட்டர் பாதி இறங்கியாயிற்று.
துப்பட்டாவை மடிக்க எடுத்தபோதுதான்
பொம்மையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.
பிள்ளை முகமே இல்லை அது.
பெரிய மனுஷி ஒருத்தியை
உயரம் குறைத்து வார்த்திருக்கிறார்கள்.
உதட்டில் கம்பெனியே பூசி அனுப்பிய சிவப்பு.
ஈரத்துணியால் தேய்த்தேன்.
துணிதான் கறுத்தது.

நாளைக்குத் தனபாக்கியத்தை
வீட்டிலிருந்து கொஞ்சம்
மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.